சிவப்பு மையில் பதினோரு பேர்

கப்பல் கம்பெனியில் டிக்கெட் எழுதும் குமாஸ்தாவுக்கு ஊர் வைத்த பெயர் 'சரிபார்ப்பு'. துக்க வீட்டுக்குப் போனாலும் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டுத்தான் உட்காருவார். இருபத்தாறு வருஷமாகப் பயணிகள் பட்டியல் அவர் கையெழுத்துதான். பெரியவர்களுக்குக் கறுப்பு மை, வரிசை எண். கைக்குழந்தைக்கு டிக்கெட் கிடையாது, அதனால் எண்ணும் கிடையாது; தாயின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் வெறும் பெயர்.

கடலுக்கு அப்பால் இரண்டு வருஷமாகச் சண்டை. ஊர் அதைச் சட்டை செய்யவில்லை. ஒன்பது சரக்குக் கப்பல்கள் மூழ்கின. பத்திரிகையில் நாலாம் பக்கத்தில் நாலு வரி வந்தது. மாலுமிகள்தானே, சம்பளம் வாங்கிக்கொண்டு செத்தவனுக்கு எவன் அழுவான்! சண்டையில் சேரச் சொல்லிப் பேச வந்த பிரமுகருக்கு அழுகின முட்டையால் அபிஷேகம் நடந்தது. முடிவெட்டும் கடைக்காரர் ஆள்சேர்ப்பு நோட்டீஸில் சவரக்கத்தி துடைத்தார். குமாஸ்தாவின் மனைவிக்குப் பரம நிம்மதி. ஒரே மகனுக்குப் பதினேழு வயது.

பிறகு குமாஸ்தாவின் கம்பெனிப் பயணிகள் கப்பல் ஒன்றை அடித்து மூழ்கடித்தார்கள். ஒருவரும் தப்பவில்லை. செத்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் என்றது கம்பெனி. குமாஸ்தா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு விரல்விட்டு எண்ணினார். அந்த எண் தப்பு.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க. உங்களை யாரு கேட்டா?" என்றாள் மனைவி.

"பதினோரு கொழந்தைங்கடி. என் கையால எழுதின பேருங்க. செத்தும் கணக்குல வரலைன்னா எப்படி?"

நேரே பத்திரிகை ஆபீசுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'பதினோரு கைக்குழந்தைகள்!'

அவ்வளவுதான், ஊருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முட்டை எறிந்தவர்களே பிரமுகரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். முடிவெட்டும் கடைக்காரர் தானே பசை காய்ச்சி அதே நோட்டீஸை ஒட்டினார். குமாஸ்தாவின் கையைக் குலுக்காதவர் இல்லை. அவருக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, மகன் பட்டாளத்தில் பெயர் கொடுத்துவிட்டு வரும்வரை.

"பச்சப்புள்ளைங்கப்பா! எப்படிப்பா சும்மா இருக்கறது?"

வயது பதினெட்டு என்று எழுதிக் கொடுத்திருந்தான். குமாஸ்தா பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஆள்சேர்ப்பு ஆபீசுக்கு ஓடினார். அங்கே அதிகாரியின் தலைக்கு மேல் அந்த முதல் பக்கம் சட்டம் போட்டுத் தொங்கியது.

"சார், வயசு தப்பு. பதினேழுதான் ஆகுது."

"ஐயா, ஊரையே தட்டி எழுப்பினவர் நீங்க. நீங்களே ஒரு வயசுக்குப் போய் மல்லுக்கு நிக்கலாமா?" அதிகாரி சான்றிதழை மடித்து, மிகுந்த மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார்.

மூன்றாவது வாரம் மகன் சேர்ந்த பட்டாளத்துச் சிப்பாய்களை ஏற்றிப்போகும் வேலை அதே கம்பெனிக்குக் கிடைத்தது. பட்டியல் எழுத அவர் மேஜைக்கே வந்தது. சாயங்காலம் மேலாளர் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது? உங்க பட்டியல்லயே ஒரு ஆள் குறையுதே? நடுவுல யார் பேரோ சிவப்புல இருக்கு, நம்பரே இல்லை."

"கைக்குழந்தை சார்," என்றார் குமாஸ்தா. "பக்கத்துல அவங்கம்மா பேரும் எழுதியிருக்கேன், பாருங்க."