காவல் தெய்வத்துக்குப் பாதிப் படையல்

பொரித்த டோஃபுத் துண்டைப் பலகையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்து, சரிபாதியாக வெட்டுகிறார் யாசுயோ அக்கா. ஒரு பாதி தட்டுக்கு, மறுபாதி அவர் வாய்க்கு. சோறும் அரைக் கிண்ணம், அரிசி மதுவும் அரைக் கோப்பை. சன்னிதி முன்னால் இரண்டு தடவை கை தட்ட வேண்டும். அக்கா ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்கிறார். "பாதி ஆளு ஊர்ல இல்ல. முழுப் படையல் வச்சா யாரு திங்கறது?"

பழைய பஞ்சாங்கத்துப் பத்தாம் மாதத்தில் ஜப்பான் நாட்டின் தெய்வங்கள் எல்லாம் இசுமோ பெருங்கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். யாருக்கு யாரோடு கல்யாண முடிச்சு என்று அங்கே கூடித்தான் தீர்மானிப்பார்கள். எங்கள் கொங்கென் சாமி விஷயத்தில்தான் சிக்கல். வெளியே பார்த்தால் வாள் பிடித்த மலைத்தெய்வம். உள்ளே இருப்பவர் புத்த மார்க்கத்துப் போதிசத்துவர் ஜிசோ. தெய்வமென்றால் கூட்டத்துக்குப் போயாக வேண்டும். ஜிசோவுக்கு அங்கே அழைப்பே கிடையாது. போதாததற்கு இவர் புத்தர் கோயிலுக்குக் காவல் வேறு. காவல்காரர் இடத்தைவிட்டு நகரலாமா?

நூற்றைம்பது வருடங்களுக்கு முன், தெய்வத்தையும் புத்தரையும் தனித்தனியே பிரிக்கச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டதாம். எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, நடுவில் ஒரு மூங்கில் தட்டியை நிறுத்தினார்கள். அடுத்த காற்றில் அது விழுந்தது. யாரும் எடுத்து நிறுத்தவில்லை.

யாசுயோ அக்கா சன்னிதிப் பொறுப்பை ஏற்ற வாரமே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "வெளிய இருக்கறவரு போகட்டும். உள்ள இருக்கறவரு வீட்டப் பாத்துக்கட்டும்."

கோயில் பிக்கு தைஜுன் சாதுவான மனிதர். "அப்படிப் பிரிக்க முடியாதும்மா. ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிப் பார்த்தார்.

"ஒண்ணுதாங்க ஐயா. நீங்க கனவுல டோக்கியோ போறப்ப உடம்பு இங்கதானே கெடக்கு?"

அக்காவுக்கு வயது ஐம்பத்தொன்பது. பள்ளிக்கூடச் சமையல்காரி. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், வெள்ளைத் தொப்பி, மலை எதிரொலிக்கும் குரல். கணவர் இறந்து பதினோரு வருடமாகிறது. காட்டுப்பன்றி கோயில் தோட்டத்துக் கிழங்கைத் தோண்டினால் மறுநாள் சாமிக்கு ஊறுகாய் கிடையாது. "காவலாம் காவல்! பன்னி வந்தது தெரியல, ஊறுகா மட்டும் வேணுமா?"

சாமியின் பயணத்துக்கு முன்னால் ஊரார் தங்கள் வேண்டுதலைச் சீட்டில் எழுதிச் சன்னிதிப் படியில் வைப்பார்கள். அக்கா படிக்காமல் கட்டி வைப்பார். போன வருடம் காற்றில் ஒரு சீட்டு விரிந்துகொண்டது. 'யாசுயோவுக்கும் பஸ் ஓட்டும் இனுகாய்க்கும் முடிச்சுப் போடவும். அவசரம்.'

எழுதியது நான்தான். வேறென்ன செய்ய? மனைவியை இழந்த அந்த மனிதர் தினமும் பள்ளிச் சமையலறைக்கு எதிரே பஸ்ஸை நிறுத்தி, நன்றாக இருக்கிற டயரை மூன்று நிமிடம் தட்டிப் பார்ப்பார். மூன்று தடவை கேட்டும்விட்டார். "ஒரு ஆம்பளைக்குச் சோறு போட்டு அனுப்பியாச்சு. இனி பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குப் போட்டாப் போதும்" என்று மூன்று தடவையும் ஒரே பதில்.

அக்கா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"கிழிச்சுப் போடுங்க அக்கா" என்றேன், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"சாமிக்கு வந்த தபாலக் கிழிக்கறதா? புத்தி இருக்கா ஷிகே உனக்கு? ஆனா அவரு அங்க போய்ச் சொல்லிட்டா? முடிச்சுப் போட்டுட்டாங்கன்னா?"

அன்று மத்தியானமே துணி காயப்போடும் கயிற்றால் சன்னிதிக் கதவை ஏழு சுற்றுச் சுற்றிக் கட்டினார். "இந்த வருஷம் லீவு கெடையாது. உள்ளயே கெட!"

ஊர் கொதித்துவிட்டது. நருமியின் அம்மா சன்னிதி முன்னால் உட்கார்ந்துகொண்டார். "எம் பொண்ணுக்கு முப்பத்தி நாலு நடக்குது. சாமியக் கட்டிப்போட்டா அவளுக்காக யாரு பேசுவா? நீயா?" முழுசாக மூன்று நாள். அக்கா அசையவில்லை. கடைசியில் தைஜுன் பிக்கு வந்து கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"யாரக் கட்டியிருக்கேம்மா? வெளிய இருக்கறவரையா, உள்ள இருக்கறவரையா?"

அக்கா கயிற்றையும் கதவையும் மாறிமாறிப் பார்த்தார். "ஒரே கதவுதானேங்க ஐயா. ரெண்டு பேரையும்தான்" என்றார்.

"அப்போ, பாவம், ஒரு தப்பும் பண்ணாத ஜிசோவையும் சேத்துக் கட்டிட்டே."

கயிறு அவிழ்ந்தது. ஆனால் இசுமோவில் கூட்டம் தொடங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. "லேட்டாப் போனா இவருக்கு உக்கார எடங்கூடக் கெடைக்காது. தப்பு என்னுது, நானே கொண்டுபோறேன்" என்று ஊர்ச் சீட்டுகளையெல்லாம் பையில் போட்டுக்கொண்டார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக லீவு எடுத்தார். ரயிலடிக்குப் போக ஒரே பஸ். அதை ஓட்டுபவர் இனுகாய்.

"எங்க பயணம்?"

"இசுமோவுக்கு."

"என்ன விசேஷம்?"

"உங்கள வேணாம்னு சொல்லத்தான்."

"சரி. மழை வர்ற மாதிரி இருக்கு. குடை இருக்கா?"

மறுநாள் சாயங்காலம் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு நான் ரயிலடிக்கு வந்தபோது, அக்காவும் இசுமோ வண்டியிலிருந்து இறங்கினார். இனுகாய் ஓட்டும் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

"சொல்லிட்டீங்களா அக்கா?"

"எல்லாரு சீட்டும் குடுத்தாச்சு. நருமியோடது மொதல்ல."

"உங்களோடது?"

"வேணும்னு கேக்கறவங்க வரிசை வாசலத் தாண்டி நிக்குது. வேணாம்னு சொல்ல எந்த வரிசைன்னு அங்க இருந்த பொண்ணுகிட்டக் கேட்டேன். முழிக்குது. அப்படி யாரும் வந்ததே இல்லையாம்." பையைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்தார். தூரத்தில் வைத்து, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "கையெழுத்தப் பாரு, கோழி கெளறின மாதிரி. எவ எழுதினாளோ!"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாலம் வந்தது, மர ஆலை வந்தது. அடுத்தது எங்கள் நிறுத்தம். மணிப் பொத்தானை அழுத்தினால்தான் பஸ் நிற்கும். அதை நோக்கிக் கை நீட்டினேன். அக்கா நேராக முன்னால் பார்த்தபடியே என் மணிக்கட்டைப் பிடித்து, கையைத் திரும்ப என் மடியில் வைத்து, அதன் மேல் தன் கையையும் வைத்துக்கொண்டார்.