தணிகாசலம் தேடிப்போன ஆடாத வண்டி

நகரியில விசைத்தறி ஓட்டுற தணிகாசலம் மீசை முளைக்கிறதுக்கு முன்னாடி தறிக் கொட்டகைக்குள்ள போனவன். தலை நரைச்சும் ரெண்டு தறிக்கு நடுவுலயே நின்னுக்கினு இருந்தான். சத்தத்துல காது பாதி போயிடுச்சு. அதனால எந்த மிஷினையும் கையை வச்சுத்தான் பார்ப்பான். தறியோட சட்டம் அதிர்ந்தா நூல் அறுந்துடும், கனமான தறிதான் ஆடாம ஓடும். இதை யார் மறுத்தாலும் ஒத்துக்க மாட்டான்.

கொட்டகை ஜன்னல்ல மலை தெரியும். ஞாயித்துக்கிழமையானா ஆளுங்க கும்பலா அந்தக் கரட்டுத் தடத்துல பைக் ஓட்டிக்கினு போவாங்க. பார்த்துப் பார்த்து, இந்த வருஷம் தனக்கும் ஒரு பைக் ஓணும்னு வாயைத் திறந்து கேட்டுட்டான். பெண்சாதி ஸ்வர்ணலதா ஒரே பேச்சுல முடிச்சுட்டா.

"வாங்கிக்கோய்யா. ஆனா காட்டுல விழுந்தா நீயேதான் தூக்கணும். தூக்க ஆள் ஓணும்னா இப்பவே விட்டுடு."

புத்தூர் தாண்டி திருப்பதி ரோட்டுல பழைய பைக் விக்கிற ரங்கையா ரெண்டு வண்டி காட்டினான். ஒண்ணு எருமை மாதிரி கனம். இன்னொண்ணு ஒல்லியா, காலு மட்டும் நெட்டையா.

"ரெண்டும் மண்ணுல போகும் அன்னா. மீ இஷ்டம், உங்க இஷ்டம்."

தணிகாசலம் ரெண்டையும் ஸ்டார்ட் பண்ணச் சொல்லி டேங்க் மேல உள்ளங்கையை வச்சான். ஒல்லி வண்டி குளிர்ஜுரம் வந்தாப்புல நடுங்குச்சு. கனமான வண்டி அசையவே இல்ல.

"இதான்" அப்படின்னான்.

கடைக்குப் பின்னால வறண்ட ஏரி. ஓட்டிப் பார்க்க இறங்கினவன், மணல்ல முன்சக்கரம் ஆடினதும் ஹேண்டிலை இறுக்கிப் பிடிச்சான். வண்டி மெதுவா, படுக்கப் போறாப்புல சாஞ்சுது. அடி படல. ஆனா தூக்கப் போனா நகரல. குந்தித் தூக்கினான், முதுகைக் குடுத்து முட்டினான். கல்லாட்டம் கெடந்துச்சு. இந்தக் கையால நூல் சுத்தின பாவு உருளை எத்தனை தூக்கியிருக்கோம்னு திகைச்சுப்போய் நின்னுட்டான்.

ரங்கையா உதவிக்கு ஓடப் பார்த்தான். கூடவே வந்து கரையில நின்ன ஸ்வர்ணலதா தடுத்தா.

"நீ போவாதய்யா. அவரே தூக்கட்டும்."

முடியல. தலையைத் தொங்கப்போட்டுக்கினு கரையேறி வந்தான். அவ உதட்டைக் கடிச்சுக்கினு சிரிப்பை அடக்கினா.

"அந்த ஒல்லியையும் ஓட்டிட்டு வா. அதுவும் முடியலன்னா வூட்டுக்குப் போலாம்."

"அது ஆடுது லதா. நூல் அறுந்துடும்."

"இன்னா நூலு? அது பைக்குய்யா."

மறுபடி இறங்கினான். மணல்ல ஒல்லி வண்டி இடமும் வலமும் துள்ளுச்சு. முன்னமே முட்டி முட்டிக் கை ஓய்ஞ்சு போயிருந்ததால அவனால இறுக்கிப் பிடிக்க முடியல. பிடி தளர்ந்ததும் வண்டி தானா உதறிக்கினு நேரா போயிடுச்சு. தணிகாசலம் குனிஞ்சு சக்கரத்தைப் பார்த்தான். இத்தனை வருஷம் ஆட்டம்னா கோளாறுன்னு நம்பினவன். அந்தத் திகைப்புலயே திரும்புற எடத்துல தொபுக்குனு விழுந்தான்.

ஸ்வர்ணலதா மூச்சைப் பிடிச்சுக்கினு பார்த்தா. ரங்கையா திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள வண்டி நிமிர்ந்து நிக்குது. தூக்கினது தான்தான்னு தணிகாசலத்துக்கே நம்பிக்கை வரல. தன் கையையே பார்த்துக்கினு நின்னான்.

தள்ளிக்கினு வந்தவன்கிட்ட அவ கேட்டா: "இன்னா, நூல் அறுந்துச்சா?"

அவன் இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணி டேங்க் மேல கையை வச்சான். "இன்னும் ஆடுது" அப்படின்னான், யாரோ சொல்லக் கேட்டவனாட்டம்.

"ஆடட்டும். ரங்கையா, இதுக்கே சாவி குடு" அப்படின்னவ, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வாங்க ரோட்டைத் தாண்டிப் போயிட்டா.