போதிய உயரத்துடன்

என் மகள் முதன்முதலாகச் சைக்கிளைக் கொண்டுபோய் மதில் சுவரில் மோதிய தேதி எனக்குத் தெரியும். அவளுக்கு ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்த தேதியும் தெரியும். மழை பெய்த நாள், குழாயில் தண்ணீர் வராத நாள், கேஸ் தீர்ந்த நாள் என்று எல்லாவற்றையும் பல வருடங்களாகக் குறித்து வைக்கும் பழக்கம் உள்ளவன் நான். இதனால் இதுவரை யாருக்கும் ஒரு பயனும் ஏற்பட்டதில்லை. "இவருகிட்டத் தேதி கேட்டாக் கெடைக்கும், அரிசி வாங்கிட்டு வரச் சொன்னா நடக்காது" என்பது என் மனைவியின் நெடுநாள் கருத்து.

ஆகவே ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கலாமா என்று மகள் கேட்டபோது, நான் முதலில் உரிமத் தேதியிலிருந்துதான் எண்ணிப் பார்த்தேன். ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

பெங்களூரில் அவளோடு வேலை பார்க்கும் தோழி வெளிநாடு போகிறாள். அவளுடைய கார் விலைக்கு வருகிறது. இரண்டே இருக்கை, மஞ்சள் நிறம், தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் சாதி. அதை ஒரு வார இறுதிக்கு மட்டும் கேட்டு வாங்கி, அஸ்தம்பட்டியில் எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். ஞாயிறு மாலைக்குள் தோழிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"உங்க பேச்சுத்தானுங்கப்பா. நீங்க வேண்டாம்னா வேண்டாம். ஆனா ஒருக்கா எங்கூட உக்காந்து வந்துட்டுச் சொல்லுங்க" என்றாள்.

இப்படி ஒரு நியாயத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதற்குத்தான் தயாராக இருந்தேன். மோட்டார் வண்டி வந்த புதிதில், அதற்கு முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியைப் பிடித்தபடி நடந்து போக வேண்டும் என்று இங்கிலாந்தில் சட்டம் இருந்தது. அதை அவளுக்கு எடுத்துச் சொல்லி, "அந்தச் சட்டம் இன்னைக்கும் தேவைதான் சாமி" என்று முடித்தேன். ரதங்களைப் பற்றியும் கொஞ்சம் சொன்னதாக நினைவு. உண்மையில் என்னிடம் இருந்த வாதம் ஒன்றுதான்: பயமாக இருக்கிறது. அதை மட்டும் சொல்லவில்லை. அதற்கு மேற்கோள் எதுவும் அகப்படவில்லை.

அந்த ஞாயிறு நாமகிரிப்பேட்டையில் என் மைத்துனர் வீட்டில் காதுகுத்து. மூவரும் போக வேண்டும்.

"ரெண்டு சீட்டுல மூணு பேரு எப்படிங்க? நான் டிக்கில படுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டு, சீர்ப் பையைத் தூக்கிக்கொண்டு என் மனைவி பஸ் ஏறப் போய்விட்டாள்.

மகளும் நானும் பின்னால் கிளம்பினோம். நாலுவழிச் சாலையில் அவள் இடது ஓரத்தை விட்டு நகரவில்லை. லாரிகள் எங்களைத் தாண்டிப் போயின. போர் போடும் ரிக் வண்டி ஒன்று தன் குழாய்களையெல்லாம் சுமந்துகொண்டு தாண்டிப் போனது. நான் வேகமானியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை; குற்றம் கண்டுபிடிக்கத்தான். மல்லூர் பக்கம் ஒரு டவுன் பஸ் எங்களைத் தாண்டியது. அப்போது என் வாயிலிருந்து இப்படி வந்தது:

"ஏன் சாமி, இந்த வண்டி இவ்வளவுதான் போகுமா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சிரிப்பை அடக்குவது மட்டும் தெரிந்தது. "நீங்கதானுங்கப்பா கொடி புடிச்சுட்டு நடக்கோணும்னீங்க."

"அந்த பஸ்ஸை மட்டும் தாண்டிரு, போதும்."

"வேண்டாங்கப்பா. அம்மா அதுல இருந்தாலும் இருப்பாங்க. பாத்தாங்கன்னா ரெண்டு பேரும் தொலைஞ்சோம்."

ராசிபுரம் தாண்டியதும் வேகத்தடைகள் ஆரம்பித்தன. முதல் தடையில் வண்டியின் அடிவயிறு கர்ரென்று உரசியது. மகள் அப்படியே நிறுத்தினாள்.

"அப்பா, கோவிச்சுக்காதீங்க. செத்த எறங்கிக்கிறீங்களா?"

அந்தக் காருக்குள் ஏறுவது கிணற்றில் இறங்குவது போல. இறங்குவதோ கிணற்றிலிருந்து ஏறுவது போல. கரை வேட்டியை ஒரு கையில் சுருட்டிக்கொண்டு, கதவை மறு கையில் பிடித்துக்கொண்டு, ஒருவாறு சாலைக்கு வந்து சேர்ந்தேன். என் பாரம் நீங்கியதும் வண்டி விரற்கடை அளவு நிமிர்ந்தது. நோகாமல் தடையைக் கடந்தது. நான் நடந்து கடந்து மறுபடி ஏறிக்கொண்டேன். பெல்ட்டை மாட்டி முடிப்பதற்குள் அடுத்த தடை வந்தது.

மூன்றாவது இடத்தில் டீக்கடையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். மனைவி வழியில் தெரிந்தவர்.

"ஏனுங்க, புள்ளகிட்டச் சண்டைங்களா? எறங்கி நடக்கறீங்க?"

"இல்லீங்க. வேகத்தடை."

"வேகமா வந்தாத்தானுங்களே அது?"

நான் போய் வண்டியில் ஏறிக்கொண்டேன். அடுத்த தடையில், மொபெட்டில் போன ஓர் அம்மாள் வேகத்தைக் குறைத்து, "இன்னும் சமாதானம் ஆவலீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். முந்தைய தடையிலும் எங்களைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

"அப்பா, துண்டைக் கையில புடிச்சுட்டு நடங்க. செவப்பு இல்லீன்னாலும் சட்டப்படி போன மாதிரி இருக்கும்" என்றாள் மகள், கண்ணாடியை இறக்கி.

கடைசித் தடை மைத்துனர் வீட்டுத் தெருமுனையில், பள்ளிக்கூடத்துக்கு எதிரில் இருக்கிறது. அது என்னுடையது. சில வருடங்களுக்கு முன் ஊர்க்காரர்கள் அங்கே வேகத்தடை கேட்டு மனுக் கொடுக்க நினைத்தார்கள். எனக்கு நன்றாக எழுத வரும் என்ற தவறான எண்ணம் மைத்துனருக்கு உண்டு. "ஒரு வேகத்தடை வேணும்னு எழுதுங்க மாமா, போதும்" என்றார். எனக்குப் போதவில்லை. மைல்கல், சாவடி, சாலை மரம் என்று சாலைகளின் வரலாற்றை ஒரு பத்தி எழுதி, அவர் அதை அடித்த பிறகு, 'போதிய உயரத்துடன்' என்ற இரண்டு சொற்களையாவது விட்டுக்கொடுக்காமல் சேர்த்தேன். நான் எழுதியதிலேயே பிறர் எழுத்துப் பிசகாமல் பின்பற்றியது அந்த இரண்டு சொற்களைத்தான். அவ்வளவு உயரமான வேகத்தடையை அந்த வட்டாரத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

நான் இறங்கியும் பயனில்லை. வண்டி முன்சக்கரத்தை வைத்ததுமே வயிறு தட்டியது. மகள் பின்வாங்கினாள். விருந்துக்கு வந்தவர்கள் கை கழுவிய ஈரத்தோடு வந்து சூழ்ந்தார்கள். மைத்துனர் வீட்டில் மஞ்சள்தான் வெள்ளாமை.

"என்னங்க மாமா, மஞ்சள் வெளையற ஊருக்கே மஞ்சள் கொண்டாந்துட்டீங்க?" என்றார். பிறகு தடையைப் பார்த்துவிட்டு, "உங்க எழுத்துங்க. நாங்க அழிக்க முடியுங்களா?"

தூக்கி வைக்கலாம் என்றார் ஒருவர். பலகை போடலாம் என்றார் இன்னொருவர். மகள் இறங்கி, சாலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தாள். எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள்.

"குறுக்க ஏத்தலாம், ஒவ்வொரு சக்கரமா. அப்பா மட்டும் முன்னால நின்னு சொல்லட்டும். மத்தவங்க யாரும் பேச வேண்டாங்க."

இந்தப் பக்கம் பிறந்த எவனுக்கும் லாரி கிளீனர் வேலை ரத்தத்தில் இருக்கிறது. எனக்கும் இருப்பது அன்றுதான் தெரிந்தது. குனிந்து நின்று, "லெப்ட்டு ஒடி. வரட்டும், வரட்டும், வரட்டும்" என்றேன். ஒரு சக்கரம் ஏறியது. வண்டி மூக்கைச் சாய்த்துக்கொண்டு நேராக என்னை நோக்கி நகர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள் என் கையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அடியில் ஒரு கல் தட்டப் பார்த்தது.

"ஓல்டான்!"

வண்டி அந்த இடத்திலேயே நின்றது. ஓர் அங்குலம் கூடவில்லை. நான் கொடியும் ரதமும் கொண்டு கட்டியிருந்த வாதம் அந்த நிற்பில் முடிந்துபோயிற்று. காலால் கல்லை ஒதுக்கிவிட்டு, "போலாம், ரைட்" என்றேன்.

வீட்டுக்குள் போனால் என் மனைவி சாப்பிட்டு முடித்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பந்தி முடிஞ்சு போச்சு. எங்கீங்க போனீங்க, மேட்டூரைச் சுத்தியா?"

திரும்பும்போது, "நான் அதுல வாரேன், நீங்க பஸ்ல வாங்க" என்று சொல்லிவிட்டாள். பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. ராசிபுரம் தாண்டி ஓர் இளநீர்க் கடையோரம் மஞ்சள் கார் நின்றிருந்தது. கதவைத் திறந்து போட்டு, காலை வெளியே நீட்டி, என் மனைவி இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். மகள் ஏதோ சொல்ல, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யார் நடந்த கதை என்று எனக்குத் தெரியும். கையை வெளியே நீட்டி ஆட்டினேன். அவர்கள் பார்க்கவில்லை.

வீட்டுக்கு நான்தான் முதலில் வந்தேன். சாவி மனைவியிடம் இருந்தது. வெளிக்கதவருகே நின்றபடி என் தீர்ப்பைத் தயாரித்தேன். வாங்கலாம், ஆனால் மழையில் எடுக்கக் கூடாது, இருட்டில் எடுக்கக் கூடாது, லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகக் கூடாது. முன்னுரை ஒன்றும் வைத்திருந்தேன்.

கார் வந்து நின்றது. என் மனைவி அதிலிருந்து சோபாவிலிருந்து எழுவது போல எழுந்து வந்தாள். "என்னை ஒரு எடத்துலயும் எறங்கச் சொல்லலீங்க. உங்க தடையிலகூட உள்ளயேதான் இருந்தேன், குறுக்கயே ஏத்தி எறக்கிட்டா. வாங்கிக்கட்டும்."

"உன் சிநேகிதப் புள்ளைக்குச் சொல்லியாச்சா?" என்று மகளைக் கேட்டேன்.

"இல்லீங்கப்பா. உங்க பேச்சுன்னுதானே சொன்னேன்." ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி கீழிருந்து என்னையே பார்த்தாள். "சொல்லுங்க."

முன்னுரை மறந்துவிட்டது. நிபந்தனைகளும் போய்விட்டன.

"என்னைக்கு எடுக்கறோம்? தேதி சொல்லு" என்றேன்.

"அவ்வளவுதான் சாமி, வாங்கியாச்சுன்னு வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு என் மனைவி பூட்டைத் திறக்கப் போனாள்.

மறுநாள் காலை, பள்ளிக்கூடத் தடையின் உயரத்தைக் குறைக்கக் கோரி ஒரு மனு எழுத உட்கார்ந்தேன். 'உயரத்தைச் சற்றே' என்பது வரை வந்துவிட்டது. அப்புறம் சாலையைக் கடக்கும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். எனக்கென்ன, இறங்கி நடந்துகொள்கிறேன்.