பெரிய வாப்பாவின் பிறை

எங்கள் வீட்டில் வாப்பா தும்மினால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். தும்மிய வாப்பா "அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனைப் புகழ்வார். அந்தப் பக்கம் அவருடைய அண்ணன், அதாவது என் பெரிய வாப்பா, "யர்ஹமுகல்லாஹ்" என்பார். அல்லாஹ் உனக்கு இரக்கம் காட்டட்டும் என்று அர்த்தம். அதற்கும் ஒரு அரபிப் பதில் உண்டு, அதை வாப்பா சொல்வார். அத்தோடு சரி. பள்ளிவாசலில் சொல்லிக்கொள்ளும் சலாமைத் தவிர, அண்ணனும் தம்பியும் பல வருஷமாகப் பேசிக்கொண்டது இவ்வளவுதான்.

பழவேற்காட்டில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் இப்படி ஒரே கூரைக்குக் கீழே பாகம் பிரிந்தவைதான். சுவர் ஆளுயரத்தோடு நின்றுவிடும். அங்கே கருவாடு வறுத்தால் இங்கே இருமல் வரும்.

சண்டை எதற்கு என்று சொன்னால் சிரிப்பீர்கள். நாங்களே சிரித்திருக்கிறோம், இரண்டு பேரும் வீட்டில் இல்லாத சமயமாகப் பார்த்து. ஒரு ரமலான் கடைசியில், இறால் எடுக்கத் தீவுப் பக்கம் போன இருவரும் ஒரே படகில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்ந்த நேரம். பெரிய வாப்பா மேற்கே கையைக் காட்டி "பிறைடா!" என்று கத்தியிருக்கிறார். பாய்க் கயிற்றைப் பிடித்திருந்த வாப்பா திரும்பிப் பார்ப்பதற்குள் மேகம் மூடிவிட்டது.

பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. ஊர் ஒத்துக்கொள்ள இரண்டு சாட்சி வேண்டும். பள்ளிவாசலில் கூட்டம் கூடிவிட்டது. பெரிய வாப்பா பார்த்தேன் என்றார். "நீயும் பாத்தியா?" என்று வாப்பாவைக் கேட்டார்கள். பார்க்கவில்லை என்று வாப்பா உண்மையைச் சொன்னார். அதோடு வாயை மூடியிருக்கலாம். "அண்ணன் பாத்தது பிறையோ, கண்ணுல இருக்கிற புரையோ, யாருக்குத் தெரியும்?" என்று சேர்த்தார். பள்ளிவாசலே சிரித்தது. தன் வாயால் கெடும் தவளையை நான் ஏரிக்கரையில் தேடியதில்லை, வீட்டிலேயே இருந்தது.

மறுநாள் ஊர் முழுக்க நோன்பிருக்க, பெரிய வாப்பா மட்டும் புதுக் கைலி கட்டி, அத்தர் பூசி, தனி ஆளாகப் பெருநாள் கொண்டாடினார். பெரியம்மா பாவம், புருஷனின் பிறைக்குச் சேமியா கிண்டினாள், ஊரின் பிறைக்கு நோன்பும் வைத்தாள். அன்றோடு விட்டாரா என்றால், இல்லை. அதன்பின் ஒவ்வொரு மாதமும் பிறை அவர் கண்ணுக்கு மட்டும் ஒரு நாள் முன்னால் தெரிந்தது, பிறையிலிருந்து எண்ணும் தேதியும் அவருக்கு மட்டும் ஒரு நாள் முந்தியது.

ஒரு முஸ்லிம் தன் சகோதரனிடம் மூன்று நாளைக்கு மேல் பேசாமல் இருக்கக் கூடாது என்று பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத் வந்து புத்தி சொன்னார். பெரிய வாப்பா மார்க்கம் தெரியாதவரா?

"நான் இன்னா பேசாமலா கீறேன்? தினம் சலாம் சொல்றேனே! நீங்கதான வெள்ளிக்கிழம பயான்ல சொன்னீங்க? முஸ்லிமுக்கு முஸ்லிம் சகோதரன், அவன் சலாமுக்குப் பதில் சொல்லணும், தும்முனா துஆ செய்யணும், நோயில கெடந்தா பாக்கணும், கூப்ட்டா போவணும், மவுத்தானா தூக்கிப் போய் அடக்கம் பண்ணணும். அஞ்சும் செய்வேன். ஆறாவது எதுவும் கிடையாது. அவன் எனக்குத் தம்பி இல்ல. தீன்ல, மார்க்கத்துல சகோதரன், அவ்ளோதான்."

ஹஜ்ரத் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகு நான்தான் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தேன். "அந்தச் சகோதரர்கிட்ட சொல்லும்மா, அவரு கோழி நம்ம பக்கம் வந்துடுச்சுன்னு" என்பார் பெரிய வாப்பா. கூடப் பிறந்தவனுக்கு இத்தனை மரியாதை கொடுத்து நான் யாரையும் பார்த்ததில்லை. வாப்பா பதிலுக்கு மூக்குப்பொடி போட ஆரம்பித்தார். தும்மினால் அண்ணன் பதில் சொல்லியே ஆகவேண்டும் அல்லவா? சாப்பிட்டதும் ஒரு சிட்டிகை, படுக்கும்முன் ஒரு சிட்டிகை. அந்தப் பக்கத்திலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு துஆ வரும்.

எனக்கு நிக்காஹ் நிச்சயமானபோதுதான் இந்தக் கூத்து என் கழுத்துக்கு வந்தது. எங்கள் வழக்கத்தில் பெண்ணின் சம்மதத்தைக் கேட்க ஒரு வக்கீல் வருவார். கோர்ட்டு வக்கீல் இல்லை. பெண்ணுக்கு நெருங்கிய உறவு ஒருவர் இரண்டு சாட்சிகளோடு உள்ளே வந்து, மாப்பிள்ளை பெயரும் அவர் தரும் மஹர் தொகையும் சொல்லிச் சம்மதம் கேட்டு, பதிலைப் பெண்ணின் வாப்பாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். என்னிடம் அதைப் பெரிய வாப்பாதான் கேட்க வேண்டும் என்று எனக்கு உயிரான ஆசை. அவருக்குப் பிள்ளை இல்லை. நான் அவர் தோளிலேயே வளர்ந்தவள். பேசாத அத்தனை வருஷத்திலும் ஏரியிலிருந்து வந்தால் எனக்கென்று நண்டைச் சுவர்மேல் வைக்காமல் அவர் இருந்ததில்லை.

நானே போய்க் கேட்டேன்.

"கூப்ட்டா வருவேம்மா, அழைப்ப ஏத்துக்கிறது கடம. ஊர்க்காரங்களோட குந்தி சாப்ட்டு துஆ செஞ்சுட்டுப் போவேன். வக்கீலு சொந்தக்காரன் வேல. எனக்கு இன்னா உரிம?" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

வாப்பாவும் இறங்கி வரவில்லை. ஊர் வழக்கப்படி பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் வீடு வீடாகப் போய், "பிறை பதினொண்ணு, மதியம் லுஹர் தொழுகைக்கு முன்னாடி நிக்காஹ், எல்லாரும் வந்துடுங்க" என்று அழைத்தார். பெரிய வாப்பா வீட்டிலும் அதையே சொன்னார். கிழமையைச் சொல்ல அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

நிக்காஹுக்கு முந்தின நாள் காலை. பந்தலுக்கு ஓலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சமையல் செய்ய வந்த பண்டாரி மலைபோல வெங்காயத்தைக் குவித்து உரித்துக்கொண்டிருந்தார், பேச்சுத்துணைக்கு மோதினாரும் உட்கார்ந்து உரித்தார். பக்கத்து ஊரான திருப்பாலைவனத்து விவசாயி ஒருவர் விருந்துக்கான அரிசியை மாட்டுவண்டியிலிருந்து இறக்கினார். அந்த நேரம் பார்த்து வெள்ளைச் சட்டை, துருக்கித் தொப்பி, அத்தர் மணக்கப் பெரிய வாப்பா வந்து, யாருமில்லாத பாயில் நடுநாயகமாக உட்கார்ந்தார்.

"இன்னா பாய், மாப்ள வூட்டுக்காரங்க இன்னும் வரலியா?" என்றார் விவசாயி, ஒன்றும் புரியாமல்.

"வரட்டும். பிறை பதினொண்ணு ஆயிடுச்சு, நான் வந்துட்டேன்."

"பாய், நிக்காஹ் நாளைக்கு" என்றார் பண்டாரி.

"உங்களுக்கு நாளைக்கு. எனக்கு இன்னிக்கு."

செய்தி உள்ளே வந்து வாப்பா வெளியே ஓடினார். சலாம் சொன்னார், பதில் வந்தது. மடியிலிருந்து பொடியை எடுத்துப் போட்டுத் தும்மினார். அதற்கும் பதில் வந்தது. பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு பந்தல்காலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

விருந்தாளியைப் பட்டினி போட முடியுமா? வீட்டில் இருந்தது பழைய சோறும் இறால் கருவாட்டுத் துவையலும்தான். உம்மா அதைக் கல்யாணத்துக்கென்று துலக்கி வைத்த பெரிய சஹனில் போட்டு அனுப்பினாள். சஹன் என்றால் நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் தாம்பாளம். தனியாகச் சாப்பிடமாட்டேன் என்று பெரிய வாப்பா பண்டாரியையும் மோதினாரையும் விவசாயியையும் இழுத்து உட்கார வைத்தார். நான்கு பேரும் என் கல்யாண விருந்தாகப் பழைய சோறு சாப்பிட்டார்கள். கை கழுவி, வீட்டில் பரக்கத் பெருக துஆ செய்துவிட்டுப் பெரிய வாப்பா எழுந்தார்.

"கடம முடிஞ்சுது. வரேன்."

ஜன்னலுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். முடிந்தது என்றால் நாளைக்கு ஊர்க்காரராகக்கூட வரமாட்டார். ஆம்பிளைகள் இருக்கும் பந்தலுக்குக் கல்யாணப்பெண் வரக் கூடாது. மருதாணிக் கையோடு நான் வந்து நின்றேன். உம்மா பின்னாலிருந்து என் தாவணியைப் பிடித்து இழுத்தது இன்னும் நினைவிருக்கிறது.

"பெரிய வாப்பா, இன்னிக்குதான் பிறை பதினொண்ணுன்னா இன்னிக்குதான் எனக்கு நிக்காஹ். வக்கீல் எங்க?"

"அது சொந்தக்காரங்க…"

"வாப்பா உங்களுக்குத் தீன்ல சகோதரர். சரி. நான் யாரு?"

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "நீ எம் மகம்மா. அதுல இன்னா கேள்வி?"

"அப்போ கேளுங்க."

பண்டாரியும் மோதினாரும் சாட்சியாக எழுந்து நின்றார்கள். வெங்காயம் உரித்த கண்களோடு நிஜமாகவே அழுதவர்கள்போல இருந்தார்கள். பெரிய வாப்பா மாப்பிள்ளை பெயரையும் மஹரையும் சொல்லி, "சம்மதமாம்மா?" என்று கேட்டார். சம்மதம் என்றேன். எனக்கும் அழுகை வந்தது, வெங்காயத்தால் அல்ல.

இனி வக்கீல் அந்தப் பதிலைப் பெண்ணின் வாப்பாவிடம் சொல்ல வேண்டும். வாப்பா நாலு எட்டு தள்ளித்தான் நின்றார். பெரிய வாப்பா அவர் முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமினார். என்ன சொல்லி அழைக்கப்போகிறார் என்று ஓலை போடுகிறவர்கள்கூடக் கையை நிறுத்தினார்கள்.

"தம்பி, புள்ள ஒத்துக்கிச்சுடா."

வாப்பா பொடி மட்டையை மடியில் செருகிக்கொண்டார். "அண்ணே, அன்னிக்கு நான் பிறையப் பாக்கல. இன்னிக்கும் பாத்தேன்னு சொல்லமாட்டேன். ஆனா புரைன்னு சொன்னேன் பாரு, அது தப்பு."

"தப்புதான்."

"நாளைக்கு எம் பிறை. நாளைக்கும் வந்து கேளு."

"ஒரு பொண்ணுகிட்ட ரெண்டு தபா எப்படிடா கேக்கறது?"

அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்த விவசாயிதான் தீர்ப்புச் சொன்னார். "கேளு பாய், இன்னா இப்போ? பொண்ணு மாத்தியா சொல்லப்போவுது?"

மறுநாள் அதே சட்டை, அதே அத்தர். மறுபடி கேட்டார், மறுபடி சம்மதம் என்றேன். என்னைக் கட்டியவர், தனக்கு ஒரு நாள் முன்னாலேயே எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று இன்றைக்கும் குறைப்பட்டுக்கொள்வார்.

பெரிய வாப்பா தன் பிறையை விடவில்லை. கடைசிவரை ஊருக்கு ஒரு நாள் முன்னால்தான் பெருநாள் கொண்டாடினார். அன்றைக்கு வாப்பாவுக்கு நோன்பு இருக்கும். காலையிலேயே அந்தப் பக்கம் போய், அண்ணன் சேமியா சாப்பிட்டு முடிக்கிறவரை, எச்சிலை விழுங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.