பின்னால் வந்த பஸ்

போன வாரம் படப்பையில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினேன். அறுபதைத் தாண்டியவன் செய்கிற வேலையா இது என்று நீங்கள் கேட்கலாம். வீட்டில் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. பஸ் நிற்கவில்லை. நொண்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்ததும் என் மனைவி வலித் தைலப் பாட்டிலைக் கொண்டுவந்து மடியில் போட்டு, "நீங்களே தேய்ச்சிக்குங்க, சாம்பியன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மூடியைத் திறந்தேன். அந்தக் காரமான வாசனை மூக்கில் ஏறியதும் வயிற்றைப் பிசைந்தது. வலி முழங்காலில், வயிறு ஏன் பிசைய வேண்டும்? அந்த வாசனையைக் கண்டால் என் வயிற்றுக்கு நாற்பது வருஷமாகப் பயம்.

அது எங்கள் பி.டி. சாரின் இரும்பு பீரோ வாசனை. எண்பதுகளின் தொடக்கத்தில் தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நான் படித்தேன் என்பதைவிட ஓடினேன் என்பதுதான் பொருத்தம். விளையாட்டுப் பொறுப்பு முழுக்க பி.டி. சாருடையது. அவருடைய பீரோவில் இரண்டு ஈட்டி, ஒரு இரும்புக் குண்டு, கைக்குட்டையில் சுற்றிய ஸ்டாப் வாட்ச், ஒரு பெரிய தைலப் பாட்டில் இருக்கும். சாகக் கிடப்பவருக்குச் சர்ச் சாமியார் எண்ணெய் பூசுகிற மாதிரி ஆளுக்கு ஒரு சொட்டு தொட்டு வைப்பார். அதற்கே கால் முழுக்கத் திகுதிகுவென்று எரியும். போட்டி நாளில் மட்டும்தான் அந்தப் பாட்டில் வெளியே வரும். அதனால் அந்த வாசனை வந்தாலே, இன்னும் கொஞ்ச நேரத்தில் தோற்கப்போகிறோம் என்று வயிறு புரிந்துகொள்ளும்.

நான் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர்க்காரன். நூறு மீட்டர் ஓடுகிறவனுக்குப் பயப்பட நேரம் கிடையாது, துப்பாக்கிச் சத்தம் கேட்பதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். மாரத்தான் ஓடுகிறவனுக்குப் பயம் பாதி வழியில் களைத்துப் போய்விடும். என்னுடைய தூரம் பயத்துக்கென்றே அளந்து வைத்த தூரம். அதில் எங்களுக்கு பி.டி. சார் போட்ட முதல் விதி: "ஓடறவன் பின்னால பாக்கக் கூடாது. பாத்தா போச்சு." நானும் பார்த்ததில்லை. அதில் மட்டும் நான் நல்ல மாணவன்.

போட்டிகள் டிசம்பரில் தொடங்கி மாசி வெயில் வரும்வரை நடக்கும். மதியம் வீட்டுச் சோற்றைச் சாப்பிட ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் போனால் அங்கே ஒரு கரும்பலகை இருக்கும். மேலே அன்றைய குழம்பு, கீழே அடுத்த போட்டியில் யார் எத்தனையாவது வருவார்கள் என்ற ஜோசியம். யார் எழுதுகிறார்கள் என்று தெரியாது, ஆனால் குழம்பைவிட ஜோசியம் அதிகம் பலிக்கும். அந்த வருஷம் முதல் போட்டியில் நான் ஐந்தாவது. அடுத்ததில் நான்காவது. அப்படியென்றால் அடுத்த போட்டியில் மூன்றாவது என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். கணிதத்தில் அரியர் வைத்திருந்தவனுக்கு இந்தக் கணக்கு மட்டும் தடையில்லாமல் வந்தது. கரும்பலகையில் என் பேருக்கு நேரே மறுபடியும் நான்கு என்றுதான் எழுதியிருந்தார்கள்.

அந்த மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்தான் என் பிழைப்பே இருந்தது. கடைசியாக இருந்தது பல்கலைக்கழகப் போட்டி. அதில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிறவர்களை ஜி.எஸ்.டி. ரோட்டில் புதிதாக வந்திருந்த ஒரு தொழிற்சாலை கூப்பிட்டுப் பேசி வேலைக்கு எடுக்கிறது என்று பி.டி. சார் சொல்லியிருந்தார். எனக்கு அதுதான் கடைசி வருஷம். இயற்பியலிலும் அரியர் இருந்தது. எங்கள் நிலம் ஏரிப் பாசனம். இரண்டு வருஷமாக ஏரியில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. அப்பா அதிகம் பேச மாட்டார். ஒவ்வொரு போட்டி முடிந்து வரும்போதும் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே, "எத்தினியாவதுடா?" என்று கேட்பார். நான் சொல்வேன். "ம்" என்பார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அம்மா செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற புனிதரிடம், இன்னும் கைக்கே வராத வேலையைக் கேட்டால் அவர்தான் என்ன செய்வார்?

எங்கள் ஊர் ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவில். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தாம்பரம் போகிற பஸ் காலையில் எங்கள் ஊர் புளியமரத்தடியில் நிற்கும். பயிற்சிக்கு என்னிடம் வாட்ச் கிடையாது, பஸ்தான் இருந்தது. பையையும் சோற்றுத் தூக்கையும் கண்டக்டர் கன்னியப்பனிடம் கொடுத்துவிட்டு, பஸ் கிளம்புகிறபோது நானும் கிளம்புவேன். நடுவில் அது நின்று நின்று ஆள் ஏற்றும், கீரைக் கூடை ஏற்றும். அது நிற்கிறபோது நான் அதைத் தாண்டி, நிற்காமல் படப்பை வரை ஓடுவேன். பஸ்ஸுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் அதிலேயே ஏறிக் கல்லூரிக்குப் போகலாம். பஸ் முந்திவிட்டால் என் பை அங்கே டீக்கடை ஆணியில் தொங்கும். அடுத்த பஸ் பிடித்து, முதல் வகுப்பை விட்டு, அட்டெண்டன்ஸும் போகும்.

டிசம்பர் முழுக்கப் பை ஆணியில்தான் தொங்கியது. தூரத்திலிருந்தே அதைத் தேடுவேன். ஆணியில் ஏதாவது தொங்குவது தெரிந்தாலே கால் தளர்ந்துவிடும். ஒருநாள் தொங்கியது டீக்கடைக்காரர் சட்டை. அதைப் பார்த்தும் தளர்ந்தேன்.

பொங்கல் முடிந்ததும் நிலைமை மாறியது. ஒருநாள் நான் போய்ச் சேர்ந்தபோது ஆணி காலியாக இருந்தது. மூச்சு வாங்கி முடித்த பிறகுதான் பஸ் வந்தது. பஸ்ஸே ஆரவாரித்தது. டிரைவர் ஜப்பார் பாய் ஹாரனை விடாமல் அடித்தார். தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கீரை கொண்டு போகிற குப்பம்மா, "வா ராசா, குந்து" என்று கூடையை நகர்த்தி இடம் கொடுத்தாள். மறுநாளும் ஜெயித்தேன். அதற்கடுத்த நாளும். போகப் போக நான் டீயே குடித்து முடிக்கிற அளவுக்கு பஸ் பின்தங்கியது. பஸ்ஸுக்குள்ளும் ஜோசியம் தொடங்கியது.

"ரெண்டாவது வந்துடுவான்பா" என்பார் கன்னியப்பன்.

"இன்னாயா ரெண்டாவது? பஸ்ஸையே முந்திகினு வரான், மன்சன முந்த மாட்டானா?" என்பாள் குப்பம்மா. "எங்க புள்ளதான் மொதல்ல வரும்."

பின்சீட்டில் ஏகாம்பரம் என்று ஒருவர் இருப்பார், குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை. அவர் மட்டும் எதுவும் சொல்லாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வருவார். கொஞ்சம் பொறாமை பிடித்த மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

பல்கலைக்கழகப் போட்டிக்கு முந்தின வாரம் பி.டி. சார் மைதானத்தில் என்னை ஓடவிட்டு நேரம் பார்த்தார். ஸ்டாப் வாட்ச்சை இரண்டு தரம் பார்த்தார். "டிசம்பர்ல என்ன ஓடுனியோ அதேதான்டா. நாலாவது வந்தா பெரிசு. முதல் ரெண்டு ரவுண்டு பின்னாடியே ஒட்டிக்கிட்டுப் போ, அவசரப்படாத" என்றார். நான் தலையாட்டினேன். மனசுக்குள் சிரித்தேன். அந்த வாட்ச் ஒருமுறை குண்டு எறிகிறவன் கையிலிருந்து கீழே விழுந்தது எனக்குத் தெரியும். வாட்ச் பொய் சொல்லலாம். ஒரு பஸ் நிறைய ஆட்கள் பொய் சொல்வார்களா?

ஆனாலும் பயம் போகவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லப்போனால் கூடிவிட்டது. நான்காவது வருவான் என்று எல்லோரும் நினைத்தபோது என் பயம் என்னோடு இருந்தது. முதலாவது வருவான் என்று ஒரு பஸ்ஸே நம்ப ஆரம்பித்ததும் அத்தனை பேருக்காகவும் சேர்த்துப் பயப்பட வேண்டியிருந்தது. போட்டியன்று காலை அம்மா கொடுத்த கஞ்சி உள்ளே நிற்கவில்லை. இரவல் ஸ்பைக்ஸ் ஷூ ஒரு சைஸ் பெரிசு, முன்னால் பேப்பர் திணித்திருந்தேன். சென்னை ஸ்டேடியத்தில் பி.டி. சார் தைலப் பாட்டிலைத் திறந்தபோது எனக்குக் குமட்டியது.

துப்பாக்கி வெடித்ததும் நான் முன்னால் போய்விட்டேன். பின்னால் ஒட்டிக்கொண்டு போவதெல்லாம் நான்காவது வருகிறவன் வேலை என்று தோன்றியது. முதல் ரவுண்டில் நான்தான் முதல். இரண்டாவதிலும் நான்தான். ஓரத்தில் பி.டி. சார் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. கடைசி ரவுண்டுக்கு மணி அடித்தபோதும் நான்தான் முன்னால். அந்த மணிச் சத்தம்வரை நான் சாம்பியன். அதற்குப் பிறகு தொடை இரண்டும் சேற்றில் இறங்கினாற்போல ஆயின. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. வாழ்க்கையில் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தேன். எத்தனை முகங்கள்! ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் போயின. ஏழாவதாக வந்தேன்.

"எத்தினியாவதுடா?" என்று அப்பா கேட்டார். சொன்னேன். அன்றைக்கு "ம்" கூடச் சொல்லவில்லை. மாட்டுத் தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்து போனார்.

திங்கட்கிழமை நான் ஓடவில்லை. எல்லாரையும் போல டிக்கெட் வாங்கி பஸ்ஸில் உட்கார்ந்தேன். முகத்தைப் பார்த்தே ரிசல்ட் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். ஜன்னல் வழியே நான் ஓடுகிற ரோடு ஓடியது. நடு ஸ்டாப்பில் குப்பம்மா ஒரே வீச்சில் கூடையை ஏற்றிக்கொண்டு ஏறினாள். ஏரிக்கரைத் திருப்பம் வந்தது, போனது. மதகு வந்தது, போனது. பார்த்தால் படப்பை. நான் இன்னும் சரியாகச் சாய்ந்துகூட உட்காரவில்லை.

"இன்னா கண்டக்டரே, இன்னிக்கு இம்மாம் சீக்கிரம் வந்துட்சி?" என்றேன்.

கன்னியப்பன் டிக்கெட் கட்டைப் புரட்டினார். பதில் பின்சீட்டிலிருந்து வந்தது.

"இதாம்பா நெஜ டைமு" என்றார் ஏகாம்பரம். "பொங்கலுக்கப்புறம் இன்னிக்குத்தான் நேரத்தோட பட்டறைல கார்டு அடிக்கப் போறேன். டெய்லி லேட்டு, டெய்லி சூப்பர்வைசர் கையில வசவு."

"சும்மா கெட அண்ணே" என்று குப்பம்மா சீறினாள். "புள்ள மூஞ்சியப் பாத்துமா பேசற? என் கீரயுந்தான் வாடிச்சி. நான் எதுனா கேட்டனா?"

எனக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் முன்னால் பார்த்து ஓடிக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் ஏரிக்கரைத் திருப்பத்துக்கு அந்தப் பக்கம், என் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அந்த பஸ் நின்றுகொண்டு இருந்திருக்கிறது. குப்பம்மா கூடையை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றியிருக்கிறாள். ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டாத நாளிலும் ஜப்பார் பாய் இறங்கித் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் ஒருத்தர்கூட முணுமுணுக்கவில்லை. ஏகாம்பரம்கூட வாட்ச்சைத்தான் பார்த்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. யார் மேல் கோபப்படுவது? டிரைவர் சீட்டுக்குப் போய், "ஏன் பாய் இப்படிப் பண்ணீங்க?" என்றேன்.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆணில பைய மாட்டிட்டுக் கெளம்பறப்ப, கண்ணாடில உன் மூஞ்சி போற போக்கு எனக்கு ஆகலப்பா. ஒரு நாளு ஜெயிக்கட்டுமேன்னு நின்னேன். அப்பால உன்ன முந்திகினு போவ மன்சு வரல."

மறுநாள் காலை புளியமரத்தடிக்குப் போனேன். ஓட வேண்டிய போட்டி ஒன்றும் பாக்கியில்லை. பையைக் கன்னியப்பனிடம் கொடுத்துவிட்டு, "பாய், உங்க டயத்துக்குப் போங்க. எனக்காக நிக்காதீங்க" என்றேன். அவர் தலையாட்டினார். ஓட ஆரம்பித்தேன். மதகு தாண்டுவதற்குள் பின்னால் சத்தம் நெருங்கியது. பஸ் என்னைக் கடந்தது. ஹாரன் இல்லை, ஆரவாரம் இல்லை. உள்ளே அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். குப்பம்மா மட்டும் ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டி, "வுடாதடா, ஓடு!" என்று கத்தினாள். படப்பையில் என் பை ஆணியில் தொங்கியது. பொங்கலுக்குப் பிறகு அந்த ரோட்டில் கலப்படமில்லாத ரிசல்ட் அது ஒன்றுதான்.

பிறகு எனக்கு வேறு வேலை கிடைத்தது, உட்கார்ந்து செய்கிற வேலை. புளியமரம் ரோடு அகலப்படுத்தியபோது போயிற்று. ஏரிக்கரைத் திருப்பத்தை நேராக்கிவிட்டார்கள். இப்போது ஒரு பஸ் யார் கண்ணுக்கும் படாமல் நிற்க அந்த ரோட்டில் இடமே இல்லை. வல்லம் வடகால் தொழிற்சாலைகளுக்குப் போகிற கம்பெனி பஸ்களில் கறுப்புக் கண்ணாடி. உள்ளே இருப்பவர்கள் தூங்குகிறார்களா, வெளியே பார்க்கிறார்களா என்று தெரியாது. ஜப்பார் பாயும் குப்பம்மாவும் இப்போது இல்லை.

போன வாரம் என்னை விட்டுப் போன டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், எனக்குத் தெரியும். பார்த்தும் போனார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு டைம் இருக்கிறது, யாரோ கார்டு அடிக்க வேண்டும். புழுதியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது பி.டி. சார் கூடாது என்று சொன்னதை இரண்டாம் முறையாகச் செய்தேன். திரும்பிப் பார்த்தேன். ரோடு நிறைய வண்டி வந்துகொண்டிருந்தது. ஒன்றுகூட எனக்காக மெதுவாக வரவில்லை.