திருப்பிக் கேட்கப் பயந்தவர்கள்

துறைமுகப் பகுதியில் உள்ள ஒரு தனியார் களஞ்சியத்தில் லொறிகளை ஒழுங்குபடுத்துவது என் வேலை. மூட்டை ஏற்ற வரும் லொறி எந்தக் கதவுக்குப் போகவேண்டும் என்று மேல்மாடிக் கண்ணாடி அறையிலிருந்து வோக்கிடோக்கியில் சொல்லுவேன். கீழே நிற்கும் வழிகாட்டி கைகாட்டி லொறியைப் பின்னுக்கு எடுப்பிப்பார். நான் சுருக்கமாக, வேகமாகப் பேசுகிறவள் என்று எல்லோரும் சொல்வார்கள். அதைப் பாராட்டு என்றே பதினொரு வருடமாக நினைத்திருந்தேன்.

அன்று நல்ல மழை. தகரக் கூரையின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரின் பேச்சே கேட்காது. "எட்டாம் கதவு" என்றேன். "ஓம் மிஸ்" என்று பதில் வந்தது. ஆனால் லொறி ஏழாம் கதவுக்குப் போனது. அங்கே முதல்நாள் அடுக்கிய மூட்டைகள் நனைந்து சாய்ந்து நின்றன. லொறியின் பின்பக்கம் தட்டியதும் அடுக்கு சரிந்து, வழிகாட்டியின் வலது கையைத் தூணோடு நசுக்கியது. கண்ணாடிக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தேன்.

விபத்து அறிக்கையை நான்தான் எழுதவேண்டியிருந்தது. "வழிகாட்டி அறிவுறுத்தலைச் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை" என்று எழுதினேன். பக்கத்து மேசையில் வேலை செய்பவள் அதை வாசித்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள்.

"அக்கா, இதை இப்பிடி அனுப்பாதேங்கோ."

"ஏன்? எட்டெண்டுதானே சொன்னனான்?"

"சொன்னனீங்கள்தான். அவருக்கு வடிவாக் கேட்டிருக்காது. ஆனா உங்களிட்டத் திருப்பிக் கேக்க ஏலாது அக்கா. ஏசுவீங்கள். எனக்கே பயம்."

"நீர் உம்மட வேலையைப் பாரும்" என்றேன். அறிக்கை அன்றைக்கே போய்விட்டது.

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில், கீழே வேலை செய்யும் இரண்டு பேரிடம் என் பேச்சு எப்படி என்று கேட்டேன். ஒருவர் சோற்றுப் பொதியைப் பார்த்தபடி, "நல்லாத்தான் கதைக்கிறீங்கள் மிஸ்" என்றார். மற்றவர் எழுந்து கை கழுவப் போனார். அவள் சொன்னது உண்மை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மூதூருக்கு பஸ் எடுத்தேன். அங்கிருந்து ஓட்டோவில் கட்டைபறிச்சானுக்குப் போனேன். வழிகாட்டியின் வீடு அங்கேதான். அவருடைய மனைவி கதிரையைத் துடைத்துப் போட்டுவிட்டு உள்ளே போனவர் பிறகு வெளியே வரவேயில்லை. வழிகாட்டி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"அண்ணன், அண்டைக்கு நான் சொன்னது கேட்டதோ?"

"இல்லை மிஸ். ஏழோ எட்டோ எண்டு விளங்கேல்ல."

"பிறகேன் ஓம் எண்டனீங்கள்?"

"முந்தி ஒருக்கா திருப்பிக் கேட்டனான். காது செவிடோ எண்டு கேட்டீங்கள். எல்லாற்றை வோக்கியிலும் கேட்டது. சிரிச்சவங்கள்."

எனக்கு அது நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்கோ மிஸ்" என்றார். விட்டாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

திங்கட்கிழமை மேலாளரிடம் இரண்டாவது கடிதம் கொடுத்தேன். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை என்றும், வழிகாட்டி திருப்பிக் கேட்கத் துணியாததற்கு என் வாய்தான் காரணம் என்றும் எழுதியிருந்தேன். மேலாளர் வாசித்துவிட்டு, "இவ்வளவு எழுதத் தேவையில்லையே" என்றார். ஆனாலும் முதல் அறிக்கையை மாற்றினார்.

பக்கத்து மேசைக்காரியிடம், என் குரல் ஏறினால் உடனே சொல்லும்படி கேட்டேன். முதல் வாரத்திலேயே நாலு தடவை சொன்னாள். நாலு தடவையும் எனக்குக் கோபம் வந்தது. இப்போது கதவு எண்ணை இரண்டு தரம் சொல்கிறேன். கீழே இருப்பவர் திருப்பிச் சொல்லும்வரை காத்திருக்கிறேன். புதிதாக வந்தவர்கள் தயங்காமல் கேட்கிறார்கள். பழையவர்கள் இன்னும் கேட்பதில்லை.

வழிகாட்டி மூன்று மாதத்துக்குப் பிறகு வேலைக்கு வந்தார். இரண்டு விரல்கள் மடங்காததால் வாசல் காவலுக்கு மாற்றிவிட்டார்கள். காலையில் வணக்கம் சொல்வார். நானும் சொல்வேன். அதற்குமேல் எங்களுக்குள் பேச்சு இல்லை.