அப்பா சொன்ன ‘கைவிடுதல்’

அப்பாவின் முதலாண்டு நினைவு வழிபாட்டிற்கு வந்து இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். பல்கலைக்கழகத்தில் தமிழ் இலக்கியம் படிக்கிறவள் என்பதால் இக்கட்டுரையை எழுதும் பொறுப்பை அம்மா என்னிடம் தந்தார். கடந்த ஓராண்டாக நம் சொந்தங்களிடையே ஒரு சொல் உலவி வருகிறது. அந்தச் சொல்லை அப்பா எந்தப் பொருளில் ஆண்டார் என்பதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத என்னால் இயலவில்லை.

அப்பா சுங்கை சிப்புட்டை அடுத்த ரப்பர்த் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தார். பள்ளியில் சேரும் முன்பே தம் தாயாரை இழந்தார். அவரை வளர்த்தவர் அவருடைய அக்கா, எங்கள் அத்தை. அத்தையும் அப்போது சிறுமிதான். பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு பெருஞ்சாலை குறுக்கிடும். அதில் மரம் ஏற்றிய லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். அத்தை அப்பாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, “கைய விட்ட, தோல உரிச்சிருவேன்” என்று அதட்டியபடி கடப்பாராம். எதிர்ப்புறம் கால் பட்டதும் அப்பா கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு பள்ளியை நோக்கி ஓடிவிடுவாராம். அப்பா குடும்பத்தலைவரான பின்பும், ஈப்போ சந்தைக்கு எதிரே சாலையைக் கடக்கும்போது அத்தையின் கை தானாக அவருடைய மணிக்கட்டைத் தேடுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

தோட்டம் விற்கப்பட்டபோது குடும்பம் ஈப்போவுக்குக் குடிபெயர்ந்தது. அத்தை தொழிற்சாலை வேலைக்குச் சென்று அப்பாவைத் தொழிற்பயிற்சிப் பள்ளியில் படிக்க வைத்தார். வயர்மேனாகத் தொடங்கிய அப்பா, அனல்மின் நிலையத்தில், மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பிரேக்கர்களைப் பழுதுபார்ப்பவரானார். வீட்டில் நாம் அறிந்த பிரேக்கர் உள்ளங்கையில் அடங்கும். அப்பா கையாண்டவையோ சக்கரம் வைத்து உருட்டிக்கொண்டு வரவேண்டியவை. அம்மாவைக் கைப்பிடித்ததும், நான் பிறந்ததும் அக்காலத்தில்தான். பின்னர், பத்து காஜா ஊரைச் சேர்ந்த அவருடைய தொழில் நண்பர் ஜோசப் அங்கிள் அழைத்ததன் பேரில், இருவருமாக வெளிநாட்டு அணுமின் நிலையம் ஒன்றுக்கு ஒப்பந்த வேலைக்குச் சென்றார்கள். உலையை நிறுத்திப் பராமரிக்கும் ‘ஷட்டவுன்’ பருவத்தில் போவார்கள். பணி முடிந்ததும் திரும்புவார்கள். அங்கே குளிர் கடுமையானது. இரண்டு சட்டைகளுக்கு மேல் கம்பளிச் சட்டை அணிந்து அப்பா நிற்கும் படம் இம்மலரின் பின்னட்டையில் உள்ளது.

அங்கு அவர் என்ன வேலை செய்தார் என்பது நம்மில் பலருக்கு விளங்கியதில்லை. ஒரு தீபாவளி விருந்தின்போது அத்தை நேராகவே கேட்டுவிட்டார்.

“அணு ஒலையில வேலைன்னு ஊரெல்லாம் பெருமையா சொல்லிக்கிட்டுத் திரியிறேன். நீ அங்க என்னாதான்டா செய்யிற?”

“சுவிட்சு தொடைக்கிறேன்க்கா.”

“சுவிட்சு தொடைக்கவா பிளேன் ஏறிப் போற?”

லாரி ஓட்டும் என் தாய்மாமா இடையில் புகுந்தார். “நல்லா கேளுங்கக்கா. நம்ம வீட்டு ஃபேன ஒரு நாளாச்சும் தொடைச்சிருக்காரா லா?”

“இந்த ஃபேனுக்கு இன்னும் ஷட்டவுன் தேதி வரலயாம்” என்றார் அம்மா.

சிரிப்பு அடங்கியபின் அப்பா விளக்கினார். அணு உலையின் வினையைத் தணிக்கும் தண்டுகளை மின்சாரம் மேலே தூக்கிப் பிடித்திருக்கும். அந்த மின்சாரம் பிரேக்கர் வழியாகச் செல்கிறது. ஆபத்து என்றால் பிரேக்கர் திறந்துகொள்ள வேண்டும். திறந்தால் மின்சாரம் நிற்கும், தண்டுகள் தம் எடையாலேயே உள்ளே விழும், உலை அடங்கும்.

“புடிச்சிக்கிட்டு இருக்கிறது பெருசு இல்லக்கா. மாசக்கணக்கா புடிச்சிக்கிட்டே இருந்துட்டு, விடுன்னா அந்த நொடியே விடணும். புடிச்ச கை மரத்துப் போயி, விட மறந்துரக் கூடாது. அது சரியா கைவிடுதான்னு பாக்கிறதுதான் எங்க வேலை.”

“கைவிடுறதுக்கு ஒரு வேலை, அதுக்கு ஒரு சம்பளம்!” என்று அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். “நல்ல வேள, கல்யாணத்துக்கு முன்னாடி இத வெளிய சொல்லல. கைவிடுறதுதான் மாப்பிள்ளைக்கு வேலைன்னா எவன்டா பொண்ணு குடுப்பான்?”

பிரேக்கர் திறந்துகொள்வதை அப்பாவும் ஜோசப் அங்கிளும் ‘கைவிடுதல்’ என்றே சொல்வார்கள். அது நிலையத்தின் சொல் அன்று. அவர்கள் இருவருக்குள் வழங்கிய தமிழ்.

அந்த வேலை மனிதரைச் சோர்வடையச் செய்வது. பிரேக்கரைக் கூண்டிலிருந்து உருட்டி எடுக்க வேண்டும். மேசையில் ஏற்றிப் பழைய கிரீஸைத் துடைத்தெடுக்க வேண்டும். தாழ்ப்பாளையும் சுருள்வில்லையும் பார்த்துப் புதுக் கிரீஸ் இட வேண்டும். பின்பு மின்சாரத்தை நிறுத்தி, எவ்வளவு விரைவாகத் திறக்கிறது என்று அளக்க வேண்டும். பிறகு அடுத்தது. அடுத்த பருவத்தில் மீண்டும் அவையே. “இன்னிக்கு என்னா நடந்துச்சு?” என்று அம்மா தொலைபேசியில் கேட்டால், “ஒண்ணும் நடக்கல. அதுக்குத்தானே வந்திருக்கோம்” என்பார் அப்பா. வீடு திரும்பிய முதல் வாரம் முழுவதும் அவர் பெரும்பாலும் உறங்குவார். அவரை எழுப்பக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

ஒருமுறை தீபாவளிக்கு வருவதாகச் சொன்ன அப்பா வரவில்லை. அத்தை எடுத்து வைத்த முறுக்கு நமுத்துப் போனது. அவர் வராததன் காரணத்தை, அவருடைய கருமக்கிரியை அன்றுதான் ஜோசப் அங்கிள் சொல்லக் கேட்டோம். அவர் அப்பாவை மச்சான் என்றே அழைப்பார்.

“ஒரு பிரேக்கரு லேட்டா தொறந்துச்சு. கண்ணுக்குத் தெரியாது, மீட்டர்லதான் தெரியும். மச்சானுக்கு டிக்கெட்டு போட்டாச்சு. ‘தொறந்துருச்சுல்ல, அப்புறம் என்னா’ன்னு மொணகுனாரு. நானும் கூட சேந்து மொணகுனேன், பொய் சொல்லக் கூடாது. அங்க மேற்பார்வைக்கு இருந்த எஞ்சினியரம்மா கேக்கல. ‘தொறந்துச்சு சரி, நேரத்துக்குத் தொறக்கலையே’ன்னுட்டாங்க. பிரிச்சுப் பாத்தா, தாழ்ப்பாள் உள்ள பழைய கிரீஸு காஞ்சு கெடக்கு. மச்சான் நகத்தால சொரண்டி மோந்து பாத்தாரு. ‘ஜோசப்பு, இது கிரீஸ் இல்லடா, ஒட்டுப்பாலு’ன்னாரு. அதுக்கப்புறம் மொணகவே இல்ல. டிக்கெட்ட மாத்திட்டு, எல்லா பிரேக்கரையும் மறுபடி பிரிக்க உக்காந்துட்டாரு.”

பால்மரமாகிய ரப்பர் மரத்தின் பட்டையில் வழிந்து காய்ந்து ஒட்டிக்கொள்ளும் பாலே ஒட்டுப்பால். தோட்டத்தில் பிறந்தவருக்கு அந்த உவமை தேடாமல் வந்திருக்கிறது.

நீரிழிவு அப்பாவை அந்த வேலையிலிருந்து நிறுத்தியது. பின்னர் அது சிறுநீரகத்தைப் பாதித்தது. வாரம் மும்முறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் சென்று வந்தார். “முன்ன வருஷத்துக்கு ஒரு ஷட்டவுன். இப்ப வாரத்துக்கு மூணு” என்று தாதியரிடம் சொல்லிச் சிரிப்பார். அம்மா அவருக்காக உப்பில்லாச் சமையலைத் தாமும் உண்டார். நீரை அளந்து கொடுத்தார்; கால் புண்ணைக் கழுவிக் கட்டினார்; மறுநாளும் அதையே செய்தார். அம்மா அலுத்துக்கொண்டு நான் கேட்டதில்லை. ஆனால், பேருந்து நிறுத்தத்தில் அமர்ந்தபடியே அவர் உறங்கிவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் அப்பாவின் இதயமும் தளர்ந்தது. இயந்திரத்தில் இணைத்த சிறிது நேரத்திலேயே இரத்த அழுத்தம் இறங்கி நினைவு தப்பும். தொடர்ந்தாலும் நிறுத்தினாலும் மிஞ்சியிருக்கும் காலம் சிறிதே என்றும், நிறுத்தினால் வலியின்றி வீட்டில் இருக்க உதவ முடியும் என்றும் மருத்துவர் அப்பாவிடமே பொறுமையாக எடுத்துரைத்தார். முடிவெடுத்தவர் அப்பா. அத்தையை வரவழைத்து, கூடத்துக் கட்டிலில் சாய்ந்தபடி அவரே அதைச் சொன்னார். அம்மாவும் நானும் உடனிருந்தோம்.

“இனிமே மிஷின் வேணாம்க்கா. கைவிட்டுரலாம்.”

“யாரு யாரக் கைவிடுறது? நீயா சொல்றியா, சொல்லச் சொல்லி இவ சொன்னாளா?” அத்தையின் விரல் அம்மாவைச் சுட்டியது.

“நான்தான் சொல்றேன். ரொம்ப நாளு புடிச்சாச்சு. முடியலக்கா.”

“அத்தன லாரி ஓடுற ரோட்டுலயே உன்ன நான் விடலடா. இவங்க நடு வீட்டுல வெச்சு விடுறாங்க.”

அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார்.

அன்று முதல் அந்தச் சொல் சொந்தங்களிடையே பரவியது. “சிகிச்சைய நிறுத்திக் கைவிட்டுட்டாங்களாம்.” இறுதிச் சடங்கில், அம்மாவின் காதுபடவே அது சொல்லப்பட்டது. நம் மொழியில் கைவிடுதல் என்றால் ஆதரவற்று விடுதல் என்றே எவரும் கொள்வர். சொன்னவர்கள் மீது எங்களுக்கு வருத்தம் இல்லை. ஆயினும் அப்பா அந்தச் சொல்லைத் தம் தொழிலிலிருந்து எடுத்தார் என்பதை அவர்கள் அறிய வேண்டும். மாதக்கணக்கில் தாங்கிய ஒன்று, உரிய நேரத்தில் சிக்காமல் திறந்துகொள்வதற்கே அவர் அப்பெயரை இட்டிருந்தார். அதற்காகவே ஊர்விட்டு ஊர் சென்று உழைத்தார்.

அப்பாவின் இறுதி நாள்களில் அத்தை திரும்பி வந்தார். அம்மாவுடன் பேசவில்லை, அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி கட்டிலருகே அமர்ந்திருந்தார். ஒரு பிற்பகலில், அம்மா அப்பாவுக்கு உடல் துடைக்க வெந்நீர் எடுக்கச் சென்றார். திரும்பி வந்தபோது அப்பாவின் கை தம் மார்பின் மேல் இருந்தது. அவர் மூச்சு அடங்கியிருந்தது. அத்தை சுவரைப் பார்த்து நின்றிருந்தார். அதன்பின் ஓராண்டாக அத்தை எங்கள் வீட்டிற்கு வரவில்லை.

சென்ற மாதம், இம்மலருக்காக அப்பாவின் இளமைக்காலப் படம் ஒன்றைக் கேட்டு, சுங்கை சிப்புட்டில் இப்போது அத்தை வசிக்கும் வீட்டிற்குச் சென்றேன். அவர் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

“என்னா எழுதப் போற?”

“கைவிட்டதையும் எழுதப் போறேன் அத்த. அப்பா அத என்னா அர்த்தத்துல சொன்னாருன்னு.”

அத்தை மடித்த சட்டையை உதறி மீண்டும் மடித்தார்.

“உங்கம்மா தண்ணி எடுக்கப் போனா பாரு, அப்ப அவன் கண்ண முழிச்சு என்னையப் பாத்தான். பேச்சு வரல. கைய லேசா இழுத்தான். சின்ன புள்ளையில ரோட்டத் தாண்டுனதும் உருவிக்கிட்டு ஓடுவான்ல, அதே மாதிரி. சரி, அந்தப் பக்கம் போய்ச் சேந்துட்டான்னு நெனச்சேன். விட்டுட்டேன்.”

அத்தை அந்தச் சட்டையை அடுக்கின் மேல் வைத்தார்.

“விட்டுட்டு, பழிய அவ மேல போட்டுட்டுத் திரிஞ்சேன். எழுதும்மா. உங்கம்மா விடல, நான்தான் விட்டேன்னு எழுது. எல்லாரும் படிக்கட்டும். பூசைக்கு மொத நாளே வாரேன், பலகாரம் நானே சுடுறேன்னு அவகிட்ட சொல்லு.”

அப்பாவை வாரந்தோறும் சுத்திகரிப்பு நிலையத்திற்கு அழைத்துச் சென்று, “சூசா ஒண்ணும் இல்ல லா” என்று ஒரு நாளும் சிரமம் பாராட்டாத தாய்மாமாவுக்கும், அங்கே அப்பாவின் கைநரம்பை நோகாமல் தேடிய தாதியருக்கும், மறைக்காமல் பேசிய மருத்துவருக்கும், பாடையைத் தோளில் சுமந்த ஜோசப் அங்கிளுக்கும், துக்க நாள்களில் எங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி என்றும் உரியது. அம்மாவுக்கு நன்றி சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார். அத்தைக்கு, அவர் கேட்டபடி எழுதித் தருகிறேன்: அப்பாவின் கையை இறுதியாகப் பிடித்திருந்தவர் அத்தை. விட்டவரும் அவரே. நேரத்துக்கு விட்டார்.